மைதானத்தில் மகளுக்கும் ஒரு மணி நேரம்: பள்ளி, கல்லூரி விளையாட்டில் சம உரிமை கேட்க ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். பக்கத்துப் பள்ளிகளுக்கு இடையே முதல் கட்டமாக நடக்கும் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு போய்க் கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதுதான் பதிலாக இருக்கும். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆட வேண்டிய பிள்ளைக்கு அடுத்த வருஷம் வயது தாண்டியிருக்கும், அல்லது பொதுத்தேர்வு வந்திருக்கும்.

நான் திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகளை முதன்முதலாக விளையாட அனுப்பும் பெற்றோருக்கும், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், கல்லூரியில் அணி அமைக்கப் போராடும் மாணவிகளுக்கும் இதை எழுதுகிறேன். சட்டம் படித்தவள் இல்லை நான். ஆனால் மனு எழுதி, பதில் வாங்கி, மைதானத்தில் நேரம் வாங்கிய அனுபவம் உண்டு.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்தாள். கபடியில் பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். அந்த வருஷம் மாணவர் அணிகள் மூன்று வயதுப் பிரிவிலும் குறுவட்டத்துக்குப் போயின. மாணவியர் அணி ஒன்றுகூடப் போகவில்லை. "துணைக்குப் போகப் பெண் ஆசிரியை இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் இருந்த ஒரே உடற்கல்வி ஆசிரியை நான். என்னை அன்று மாணவர் அணியோடு அனுப்பியிருந்தார்கள். நான் வாயால் வருத்தப்பட்டேன், எழுதிக் கேட்கவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஏதாவது ஒரு சான்றிதழ் பழைய கோப்பில் இருக்குமா என்று கேட்டாள். ஆடாத போட்டிக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அன்றிலிருந்துதான் எல்லாவற்றையும் எழுதிக் கேட்க ஆரம்பித்தேன்.

விளையாட்டில் பெண் பிள்ளைகளுக்கு நடக்கும் பாகுபாட்டை "ஆடட்டும், ஆடாமல் இருக்கட்டும், என்ன குறைந்துவிட்டது" என்று பேசுவோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. இவற்றை எட்ட மாநில, தேசியச் சான்றிதழ்கள் வேண்டும். அந்த ஏணியின் முதல் படி குறுவட்டம். முதல் படியில் காலை வைக்க விடாதவர்கள் பத்து வருஷத்துக்குப் பிறகு கிடைத்திருக்கக்கூடிய வேலையையும் சேர்த்தே பறிக்கிறார்கள்.

சட்டம் எங்கே இருக்கிறது

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் படித்தவர்கள் அமெரிக்காவின் "டைட்டில் நைன்" சட்டத்தைச் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1972 ஜூன் 23 அன்று அங்கே கல்வித் திருத்தச் சட்டம் கையெழுத்தானது. அதன் ஒன்பதாம் தலைப்பின் மைய வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். மத்திய அரசின் பண உதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காட்டி யாரையும் விலக்கக் கூடாது, பலனை மறுக்கக் கூடாது, பாகுபடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் கிடையாது. ஆனாலும் அது அதிகமாக மாற்றியது விளையாட்டைத்தான். 1971-72 இல் அந்த நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் 3 லட்சத்துக்கும் குறைவான பெண்கள் விளையாடினார்கள். இன்று 30 லட்சத்துக்கும் மேல்.

அந்தச் சட்டம் நம் ஊரில் செல்லாது. அதை மனுவில் எழுதாதீர்கள். ஆனால் அவர்கள் எதை எதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்ற பட்டியல் நமக்கும் உதவும். விளையாட்டுக் கருவிகள், பயிற்சி நேரம், போட்டி நேரம், பயணமும் சாப்பாட்டுச் செலவும், பயிற்சியாளர், உடை மாற்றும் அறை, மருத்துவ உதவி, விளம்பரம் ஆகியவற்றை எடுத்து, இரு பாலருக்கும் கிடைப்பது ஒரே தரத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ரூபாய்க்கு ரூபாய் சமமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. கால்பந்துக்கு ஆகும் செலவும் கோ-கோவுக்கு ஆகும் செலவும் ஒன்றாக இருக்க முடியாது. பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்புதான் கணக்கு.

நம் நாட்டில் விளையாட்டுக்கென்று இப்படி ஒரே சட்டம் இல்லை. பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. அடிப்படை அரசியலமைப்புதான்: 14-ஆம் பிரிவு சட்டத்தின் முன் சமத்துவம் தருகிறது. 15(1) அரசு பாலினத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 15(3) பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் கொடுக்கிறது. "பெண்களுக்கு மட்டும் தனி நேரம் கொடுத்தால் அது ஆண்களுக்குப் பாகுபாடு ஆகாதா?" என்று யாராவது கேட்டால், இந்த 15(3)-ஐச் சொல்லுங்கள்.

அடுத்தது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருட்கள் வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

இங்கே நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் திருச்சபைகள் நடத்தும் சிறுபான்மைப் பள்ளிகள் ஏராளம். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அந்தப் பள்ளிகளில் அந்தச் சட்டத்தைக் காட்டி மனுக் கொடுத்தால் முதல் பத்தியிலேயே தள்ளிவிடுவார்கள். அங்கே அரசியலமைப்பையும், அரசு உதவி பெறுவதையும், கல்வித் துறையின் போட்டி விதிகளையும் வைத்துப் பேச வேண்டும். உங்கள் பள்ளி அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, சிறுபான்மைப் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா என்பதை மனு எழுதும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. மற்றவை இதன் மேல் நிற்பவை. "பெண் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்வதில்லை" என்று எழுதினால் அது புலம்பல். "ஜூன் 16 முதல் 20 வரை மாலை 4.15 முதல் 5.45 வரை ஐந்து நாளும் மைதானம் மாணவர்களிடம் இருந்தது, மாணவியர் இரண்டு நாள் மேடைக்குப் பின்னால் எறிபந்து ஆடினார்கள்" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு முழு வாரம், ஐந்து வேலை நாட்கள் கணக்கெடுங்கள். பள்ளிக்குள் நீங்கள் நிற்க முடியாவிட்டால் மகளே எழுதட்டும். தன் உரிமையைத் தானே எழுதிப் பழகுவது அவளுக்கும் நல்லது. மைதானம் எந்த நேரம் யாரிடம் இருந்தது என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள். நடு மைதானமா, ஓரமா என்பதையும் எழுத வேண்டும். கிரிக்கெட் பிட்ச் நடுவில் வந்துவிட்டால் மற்ற ஆட்டத்துக்கு இடமே இருக்காது. அடி வாங்காமல் ஆடுவதற்காகப் பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கிவிடுவார்கள். பார்ப்பவர்கள் "அவர்களுக்கு ஆர்வம் இல்லை, நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்பார்கள்.

விளையாட்டுப் பாடவேளைகளையும் எண்ணுங்கள். கால அட்டவணையில் இருப்பது ஒன்று, நடப்பது வேறு. மாணவியரின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது எத்தனை முறை நடந்தது, மாணவர்களின் பாடவேளையை எடுத்துக்கொள்வது எத்தனை முறை நடந்தது என்று இரண்டையும் குறியுங்கள். "பெண் பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள்" என்பதனாலேயே அவர்களுடைய வேளை முதலில் போகும்.

பிறகு பொருட்கள். எத்தனை பந்து, எத்தனை வலை, மாணவியர் கபடிக்குக் களம் போட்டிருக்கிறதா, புது கைப்பந்து யாரிடம் போனது, தேய்ந்த பந்து யாரிடம் வந்தது. அரசுப் பள்ளிகளில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டு மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 10,000 ரூபாய், உயர்நிலை மற்றும் மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை. அந்தப் பணத்தில் வாங்கியவை இருப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் அதில் மாணவியருக்கு எது வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து அணிகள். போன ஆண்டு 14, 17, 19 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் எந்த எந்த ஆட்டத்துக்கு மாணவர் அணி போனது, எதற்கு மாணவியர் அணி போனது? குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுகளுக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் யார் பெயர் பதிவானது? ஒரு பக்கத்தில் இடப்பக்கம் மாணவர், வலப்பக்கம் மாணவியர் என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். பல பள்ளிகளில் வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த ஒரு பக்கம்தான் உங்கள் மனுவின் உயிர்.

கழிப்பறையையும் மறக்க வேண்டாம். மைதானத்திலிருந்து எத்தனை தூரம், தண்ணீர் வருகிறதா, மாலை 4 மணிக்குப் பூட்டிவிடுகிறார்களா என்று பாருங்கள். மாதவிடாய் நாளில் பயிற்சிக்கு வராத பிள்ளையைச் சோம்பேறி என்று பெயர் எழுதிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பூட்டிய கழிப்பறைதான் அவளை வீட்டுக்கு அனுப்பியது என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

வீட்டில் இருக்கும் தடை

பள்ளியை மட்டும் குறை சொல்லி எழுதினால் நேர்மை இல்லை. முக்கூடல், அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் பக்கம் மாலை ஐந்து மணி என்பது பீடித் தட்டின் நேரம். அம்மா சுற்றுவாள், மகள் இலை வெட்டுவாள், நூல் கட்டுவாள். அந்த மாலையைப் பயிற்சிக்குக் கொடுப்பது அந்த வீட்டுக்கு வருமான இழப்பு. இதை "விழிப்புணர்வு இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிப் போகிறவர்கள் அந்த வீட்டுக்குள் போனதில்லை. நான் போயிருக்கிறேன். சில அம்மாக்களிடம் "வாரத்தில் மூன்று நாள் மட்டும் விடுங்கள், ஆறு மணிக்குள் வீட்டில் இருப்பாள்" என்று பேசி வாங்கியிருக்கிறேன். காலை 6 முதல் 7.30 வரை பயிற்சி வைத்தால் இந்தச் சிக்கலும் குறையும், வெயிலும் குறையும். நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயிலில் மாலை நான்கு மணிக்கு ஆட விடுவதே தப்பு.

அடுத்தது பஸ். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு பிரச்சினை இதனால் தீர்ந்தது, நேரப் பிரச்சினை தீரவில்லை. கிராமத்துக்குப் போகும் பஸ் 5.30-க்கு ஒன்று, அடுத்தது 7.15-க்கு என்றால் எந்த அப்பாவும் தயங்குவார். ஆகவே பயிற்சி நேரத்தைப் பஸ் நேரத்தை வைத்து அமைக்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். இதற்குப் பத்துப் பைசா செலவு இல்லை. நான் பார்த்தவரையில் மாணவியர் அணி கலைந்துபோனதற்கு இந்த ஒரு காரணமே பாதிக்குப் பாதி.

உடையைப் பற்றி ஆச்சிகள் பேசுவார்கள். ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு ஆடலாம், முழங்கால் வரை உறை போடலாம். எந்த உடை அவளுக்கு வசதியோ அதைப் போட்டு ஆட அனுப்புங்கள். போட்டிக்கு மட்டும் அந்தந்த ஆட்டத்தின் விதி என்ன என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

முதலில் உடற்கல்வி ஆசிரியரிடம் பேசுங்கள். அவர் பெரும்பாலும் உங்கள் பக்கம் இருப்பவர்தான். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒருவராக நின்றுகொண்டு, தேர்வுப் பணியும் ஒழுங்குப் பணியும் பார்த்துக்கொண்டிருப்பார். "நாங்கள் எழுதிக் கேட்டால் உங்களுக்கு உதவுமா?" என்று கேளுங்கள். பலர் மெல்லச் சிரித்து "எழுதுங்கள்" என்பார்கள்.

தனியாகப் போகாதீர்கள். மூன்று அம்மாக்கள் சேர்ந்து போங்கள். அப்பாக்கள் இருவர் வந்தால் இன்னும் நல்லது. ஒரு பெற்றோர் கேட்டால் அந்தப் பிள்ளையின் மேல் கோபம் திரும்பும் என்ற பயம் நியாயமானது. ஏழு பெயர் இருந்தால் அந்தப் பயம் பாதியாகிவிடும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி இதுதான்:

"பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். பொருள்: மாணவியர் விளையாட்டுப் பயிற்சிக்கு மைதான நேரமும் போட்டிப் பங்கேற்பும் கோருதல். மதிப்பிற்குரிய அம்மா, எங்கள் மகள்கள் தங்கள் பள்ளியில் 8 முதல் 11 வரையுள்ள வகுப்புகளில் படிக்கிறார்கள். ஜூன் 16 முதல் 20 வரை நாங்கள் எடுத்த குறிப்பின்படி மாலை நேரத்தில் மைதானம் ஐந்து நாளும் மாணவர்களிடம் இருந்தது, மாணவியர் இரண்டு நாள் மேடைக்குப் பின்னால் ஆடினார்கள். சென்ற ஆண்டு மாணவர் அணிகள் ஆறு போட்டிகளுக்கும் மாணவியர் அணி ஒரு போட்டிக்கும் சென்றதாக அறிகிறோம். அரசியலமைப்பின் 14, 15-ஆம் பிரிவுகளின்படி சம வாய்ப்பு வேண்டி, கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம். ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் மாலையும் ஒரு நாள் காலையும் மைதானம் மாணவியருக்கு என்று எழுத்தில் ஒதுக்க வேண்டும். இரண்டு, இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டிக்குக் கபடி, எறிபந்து மாணவியர் அணிகளைப் பதிவு செய்ய வேண்டும். மூன்று, அணியோடு செல்ல ஓர் ஆசிரியையை இப்போதே நியமிக்க வேண்டும். தேவைப்பட்டால் எங்களில் ஒரு தாய் உடன் வரத் தயார். நான்கு, பயிற்சி முடியும் வரை கழிப்பறை திறந்திருக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் பதில் தரும்படி வேண்டுகிறோம்."

எண்களை உங்கள் நோட்டிலிருந்து எடுங்கள். ஒரு எண் தப்பாக இருந்தாலும் மற்ற எல்லாம் பொய் என்று ஆகிவிடும். கோபச் சொல் எதுவும் வேண்டாம். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அலுவலகத்தில் மறுத்தால் சண்டை போடாமல் அஞ்சலகத்துக்குப் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

மூன்றாவது கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். துணைக்குப் போக ஆள் இல்லை என்ற காரணம் எப்போதும் போட்டிக்கு முந்தின நாள்தான் வெளிவரும். ஜூனிலேயே பெயர் எழுதிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பயன்படுத்துங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதும் அந்தக் குழுதான். மாணவியருக்கான கழிப்பறை, கருவிகள், களம் ஆகியவற்றை அந்தத் திட்டத்தில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால்

அடுத்த படி முதன்மைக் கல்வி அலுவலர். பிரதியை மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கும் அனுப்புங்கள். பள்ளிப் போட்டிகளின் கணக்கு அவரிடம்தான் இருக்கும். திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். ஆலங்குளம், கடையம் பக்கத்தார் இப்போது தென்காசி மாவட்டம் என்பதை மறந்து இங்கே வந்து திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்துவிட்டது, உங்கள் மனு தென்காசிக்குப் போக வேண்டும். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளையாக இருந்து, கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும் பள்ளியாகவும் இருந்தால், 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அதிகார அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

எல்லாவற்றிலும் எனக்கு நம்பிக்கையான கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இதில் புதியவர்கள் செய்யும் தவறு "ஏன் மாணவியர் அணியை அனுப்பவில்லை?" என்று கேட்பது. ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வாங்க முடியாது. ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டில் குறுவட்டப் போட்டிக்கு அனுப்பிய நுழைவுப் படிவங்களின் எண்ணிக்கை ஆண், பெண் வாரியாக. விளையாட்டுப் பொருட்களின் இருப்புப் பதிவேட்டு நகல். விளையாட்டு மானியச் செலவுக் கணக்கு. போட்டிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பிய ஆணைகளின் நகல். இந்த நான்கும் வந்துவிட்டால் மனுவில் வேறொன்றும் எழுத வேண்டியதில்லை. சுயநிதிப் பள்ளி நேரடியாகத் தராது. முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் அந்தப் பள்ளியைப் பற்றி இருக்கும் ஆவணங்களை அங்கே கேளுங்கள்.

வழக்கு வரை போக வேண்டிய நிலை அரிது. போக வேண்டியிருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100. நம் மாவட்டத்து ரிட் மனுக்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும்.

கல்லூரியில்

பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி போன்ற பெண்கள் கல்லூரிகளில் முழு மைதானமும் பெண்களுடையது. அங்கே படித்தவர்கள் இருபாலர் கல்லூரிக்கு மேற்படிப்புக்குப் போனதும் திகைப்பார்கள். அங்கே பல இடங்களில் மாணவிகள் எண்ணிக்கையில் அதிகம், அணிகளில் குறைவு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குக் கல்லூரி அணியை அனுப்பாவிட்டால், பல்கலைக்கழக அணித் தேர்வுக்கும் அந்த மாணவி போக முடியாது.

விடுதி வாசல் நேரத்தையும் எழுதுங்கள். மாணவர் விடுதி இரவு எட்டரைக்கு மூடும், மாணவியர் விடுதி மாலை ஆறுக்கு மூடும் என்றால், மாலைப் பயிற்சி யாருக்கு என்பது விதியிலேயே எழுதப்பட்டுவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டுப் புகாரும், வாக்களித்த வசதிகளைத் தராததும் அங்கே குறைகளாகவே கருதப்படும். 15 வேலை நாட்களில் குழு பரிந்துரை தர வேண்டும். அதன் பிறகு 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். கல்லூரி இணையதளத்தில் குழு உறுப்பினர் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதையே முதல் குறையாக எழுதுங்கள்.

மாற்றுத்திறன் கொண்ட மாணவிகளுக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், திருநங்கை, திருநம்பி மாணவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் விளையாட்டு வாய்ப்பைப் பெயர் சொல்லியே உறுதி செய்கின்றன. அவர்களுக்காக எழுதும் மனுவில் அந்தச் சட்டங்களை முதலில் எழுதுங்கள்.

பாதுகாப்பு: இதற்கு வேறு வழி

மைதான நேரம் கேட்கும் மனுவோடு இதைச் சேர்க்காதீர்கள். பயிற்சியின் பேரில் யாராவது தவறாகத் தொட்டால், தவறாகப் பேசினால், தனியே அறைக்கு அழைத்தால், அதற்குத் தலைமையாசிரியரின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 18 வயதுக்குட்பட்டவள் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிந்தவர் எவராயினும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைக்கும் நிறுவனத் தலைவருக்குத் தண்டனை உண்டு. "பள்ளியின் பெயர் கெடும், உள்ளேயே பேசித் தீர்க்கலாம்" என்று சொல்கிறவர் சட்டத்தை மீறச் சொல்கிறார். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பிள்ளையின் பெயரையும் படத்தையும் எங்கும் வெளியிடாதீர்கள், உறவினர் குழுவில்கூட.

18 வயதைத் தாண்டியவர்களுக்குப் பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி விளையாட்டரங்கம், பயிற்சி நிலையம், போட்டி நடக்கும் இடம் எல்லாமே பணியிடம் என்ற சொல்லுக்குள் அடங்கும். வேலை பார்ப்பவளாக இருக்க வேண்டியதில்லை, ஆட வந்தவளும் புகார் கொடுக்கலாம். கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவி சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் அதில் இருப்பார்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் தனியார் பயிற்சி மையம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போக வேண்டும். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும் முன் நான்கு விவரங்களை எழுதி வாங்குங்கள்: உடன் வரும் ஆசிரியையின் பெயரும் எண்ணும், தங்கும் இடம், போகும் வண்டி, திரும்பும் நேரம்.

நேரம் கிடைத்த பிறகு

அனுமதி கிடைத்த முதல் மாதம் மிக முக்கியமானது. மைதானத்தில் ஆறு பேர்தான் நின்றார்கள் என்றால் அந்த நேரம் மறுபடியும் மாணவர்களிடம் போய்விடும். ஆட்டம் தெரியாத பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லுங்கள். அம்மாக்கள் வாரம் ஒருவராகப் போய் உட்காருங்கள். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கோடைப் பயிற்சி முகாம், விளையாட்டு விடுதித் தேர்வு, முதலமைச்சர் கோப்பைப் பதிவு ஆகியவற்றின் தேதிகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு பள்ளிப் பலகைக்கு வரும் வரை காத்திருந்தால் சில நேரம் கடைசித் தேதி முடிந்துவிடும்.

போட்டி முடிந்து மகள் சான்றிதழோடு வந்ததும் அன்று மாலையே அதை வாங்கிப் பாருங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, வயதுப் பிரிவு, ஆட்டத்தின் பெயர், இடம், தேதி ஆகியவை பள்ளிப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா, கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். தப்பு இருந்தால் அந்த வாரமே திருத்தி வாங்குங்கள். நடத்தியவர் மாறுதலாகிப் போய்விட்டால் திருத்த ஆள் கிடைக்க மாட்டார். மூன்று நகல் எடுத்து, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டை இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.